700 பக்கம் யாருக்கு அதிகம்?

ஞாயிற்றுக்கிழமை புதுச்சேரியில் நடந்த நாவல் விமர்சனக் கூட்டத்தைப் பற்றி எழுதாமல் விட்டுவிடலாம் என்றுதான் இருந்தேன். ஒரு பெண் எழுதிய அந்த 700 பக்க நாவலின் பெயரையும் பேசியவர்களின் பெயரையும் இங்கே குறிப்பிடப் போவதில்லை. வந்திருந்தவர்களுக்குத் தெரியும், வராதவர்களுக்கு அந்தக் காணொளித் துண்டு இந்நேரம் வாட்ஸ்அப்பில் வந்து சேர்ந்திருக்கும். ‘இது நாவல் இல்லை தோழர்களே, அட்டை போட்ட மெகா சீரியல்’ என்ற வரிக்கு அரங்கம் கைதட்டியதையும், முன்வரிசையில் அமர்ந்திருந்த நாவலாசிரியர் குனிந்து ஏதோ குறிப்பு எடுத்துக்கொண்டிருந்ததையும் அதில் நீங்களே பார்த்திருப்பீர்கள்.

ஒரு நாவல் பிடிக்கவில்லை என்று சொல்ல எவருக்கும் உரிமை உண்டு. அந்த நாவலைப் பற்றி வாசகர்களிடையே ஒருமித்த கருத்து இல்லை என்பதும் எனக்குத் தெரியும். இரவெல்லாம் விழித்திருந்து படித்து முடித்தவர்கள் இருக்கிறார்கள். பாதியில் மூடி வைத்தவர்களும் இருக்கிறார்கள். என் கேள்வி அது அல்ல. நீளமும் பாத்திரங்களின் எண்ணிக்கையும் அரசர்களைப் பற்றியும் போர்களைப் பற்றியும் எழுதும்போது பிரம்மாண்டம் என்று பெயர் பெறுகின்றன. முத்தியால்பேட்டையில் ஒரு நெசவுக் குடும்பத்துப் பெண்களைப் பற்றி எழுதும்போது மட்டும் எப்படிக் குற்றமாகின்றன?

பாத்திரங்கள் அதிகம், யாருக்கு யார் என்ன உறவு என்பதே நினைவில் நிற்கவில்லை, முன்பக்கத்தில் ஒரு வம்சாவளிப் படமாவது போட்டிருக்க வேண்டும் என்று ஓர் அண்ணன் குறைபட்டுக்கொண்டார். இதே அண்ணன்தான், பொன்னியின் செல்வன் திரைப்படம் வந்தபோது, அதில் விடுபட்டுப்போன பாத்திரங்களை எல்லாம் ஒன்று விடாமல் பட்டியலிட்டு இதே முகநூலில் பதிவு மேல் பதிவாக எழுதியவர். ஐந்து பாகங்களிலும் வந்துபோகிற ஒற்றர்களின் பெயர் வரை அவருக்கு நினைவிருக்கிறது. ஒரே வீட்டில் இருக்கிற நான்கு ஓரகத்திகளும் ஒரு நாத்தனாரும் ஒரு மாமியாரும்தான் நினைவில் நிற்க மறுக்கிறார்கள். (எந்தச் சித்தி மகளின் நாத்தனார் எந்தக் கல்யாணத்துக்கு வரவில்லை, ஏன் வரவில்லை என்பதை இருபது வருடம் கழித்தும் சொல்லக்கூடியவர்களுக்கு வம்சாவளிப் படம் எதற்கு?)

நம் ஊர்க்காரரான பிரபஞ்சன் 1995இல் சாகித்திய அகாதமி விருது பெற்ற ‘வானம் வசப்படும்’ நாவலிலும் பாத்திரங்களுக்குப் பஞ்சமில்லை. குவர்னர்களும் துபாஷிகள் என்ற மொழிபெயர்ப்பாளர்களும் தளபதிகளும் வாயில் நுழையாத பிரெஞ்சுப் பெயர்களோடு வருகிறார்கள். நானும் அதை ரசித்துப் படித்தவள்தான். அந்த நாவலுக்கு வம்சாவளிப் படம் கேட்டு இந்த ஊரில் எவரும் எழுந்து நின்றதாக எனக்கு நினைவில்லை.

சீரியல் என்ற வசைக்கு வருகிறேன். பொன்னியின் செல்வனே 1950 முதல் 1954 வரை கல்கி இதழில் வாரந்தோறும் வந்த தொடர்கதைதான். கடைசிப் பத்தியில் ஒரு முடிச்சைப் போட்டு வாசகரை அடுத்த வாரம் வரை காக்க வைக்கும் அந்த வித்தையில் வளர்ந்தவர்கள்தான் நாம் அனைவரும். அதற்கும் முன்பே, பள்ளிக்கூடத்துக்குப் போகாத வை.மு.கோதைநாயகி, ஜகன்மோகினி இதழைத் தாமே நடத்தி 115 நாவல்களை எழுதினார். அவரை இலக்கிய மேடையில் எத்தனை முறை கேட்டிருக்கிறோம்? 1955இல் தொடங்கிய அகாதமி விருது தமிழில் ஒரு பெண்ணின் கைக்கு வந்து சேர 1973இல் ராஜம் கிருஷ்ணன் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அடுத்த பெண்ணுக்கு 1984.

எங்கள் அம்மா திருப்பாதிரிப்புலியூரில் இருந்த காலத்தில் தொடர்கதைப் பக்கங்களைக் கிழித்துச் சேர்த்து பைண்டிங் செய்து வைப்பார். காலிகோ ஒட்டிய முதுகு, பழுப்பேறிய தாள், கதைக்குப் பின்பக்கத்தில் பாதி ஜோக்கும் கூந்தல் தைல விளம்பரமும். ஒரு தொடரில் ஒரு வாரத்து இதழ் மட்டும் கிடைக்காமல் போனது. எதிர்வீட்டு அக்காவிடம் இரவல் வாங்கி, அந்த அத்தியாயம் முழுவதையும் கோடு போட்ட நோட்டுத் தாளில் நீல மையால் எழுதி, படத்துக்குரிய இடத்தை வெறுமையாக விட்டு, ‘படம்: இருவர் திண்ணையில் உட்கார்ந்திருக்கிறார்கள்’ என்று நடுவில் குறித்து, மற்றப் பக்கங்களோடு சேர்த்துத் தைக்கக் கொடுத்திருந்தார். ‘இதெல்லாம் பொம்பளைங்க கதை’ என்று வருவோர் போவோரிடம் சொல்லிச் சிரிக்கிற எங்கள் சித்தப்பா, பகல் தூக்கத்துக்கு முன் அந்த பைண்டிங்கைத்தான் தலைமாட்டில் வைத்துக்கொள்வார். ‘அந்தப் பொண்ணு புருஷன் வீட்டுக்குத் திரும்பிப் போறாளா அண்ணி?’ என்று கேட்டுவிட்டு, அம்மா நிமிர்ந்து பார்த்தால், ‘சும்மா கேட்டேன்’ என்பார். ஞாயிற்றுக்கிழமை கைதட்டியவர்களில் எத்தனை சித்தப்பாக்கள் இருந்தார்களோ, அறியேன்.

எல்லாவற்றையும்விட என்னைக் கொதிக்க வைத்தது, ‘40 பக்கம் அடுப்பு மூட்டுகிறார்கள், வேறு ஒன்றுமே நடக்கவில்லை’ என்ற வாக்கியம்தான். 2011 டிசம்பர் 30ஆம் தேதி ‘தானே’ புயல் நம்மைப் புரட்டிப் போட்டுவிட்டுப் போன பிறகு இந்த ஊரிலும் கடலூரிலும் மின்சாரமில்லாமல், மோட்டார் ஓடாததால் தண்ணீருமில்லாமல் கிடந்தவர்கள் எவரும் அப்படிச் சொல்லத் துணிய மாட்டார்கள். அந்தப் புயலுக்குப் பிறகு நடக்கும் அந்த அத்தியாயத்தில், ஒரே கூரையின் கீழ் தனித்தனியாக உலை வைத்து வந்த நான்கு ஓரகத்திகள், சிலிண்டர் தீர்ந்துபோன நிலையில், கொல்லையில் சாய்ந்த வேம்பின் ஈரக் கிளையை ஊதி ஊதிப் பற்றவைத்து ஒரே பானையில் சோறு பொங்குகிறார்கள். யார் வீட்டு அரிசி, எத்தனை படி, மூத்தவளுக்குப் பதமாக வடித்தால் இளையவளின் பிள்ளைக்குக் குழைந்திருக்காதே என்று பேச்சு போகிறது. ‘எனக்குப் பழையது போதும்’ என்று கல்யாணமாகாத நாத்தனார் வழக்கம்போல ஒதுங்க, இரண்டாமவள் அன்றைக்குத்தான் முதன்முதலாக, ‘உனக்கு என்னதான் பிடிக்கும்?’ என்று கேட்கிறாள். நாத்தனாருக்குப் பதில் தெரியவில்லை. அந்தப் பதில் தெரியாமைதான், 200 பக்கங்களுக்குப் பிறகு வீட்டைப் பாகம் பிரிக்கும்போது அவளுக்கும் ஒரு பங்கு என்று நால்வரையும் பேச வைக்கிறது. வாரிசுரிமைச் சட்டம் 2005இலேயே மகளுக்கும் சம உரிமை என்று சொல்லிவிட்டது. அந்த வீடு அதை ஏற்றுக்கொள்ள ஒரு புயலும் 40 பக்கங்களும் தேவைப்பட்டன. ஒன்றுமே நடக்கவில்லையாம்.

பெருமாள் கோயில் வீதியில் பாவேந்தர் பாரதிதாசன் வாழ்ந்த வீட்டின் முன் தலைவணங்காமல் இந்த ஊரில் எவரும் இலக்கியம் பேசத் தொடங்குவதில்லை. அவருடைய ‘குடும்ப விளக்கு’ நூலின் ஐந்து பகுதிகள் எவை என்று எண்ணிப் பாருங்கள்: ஒரு நாள் நிகழ்ச்சி, விருந்தோம்பல், திருமணம், மக்கட்பேறு, முதியோர் காதல். ஒரு பெண் பொழுது விடிந்ததிலிருந்து வீட்டில் செய்கிற வேலைகள் அங்கே காவியப் பொருளாகின்றன. அதை எவராவது சீரியல் என்று சொன்னால் நீங்கள் சும்மா விடுவீர்களா? நானும் விட மாட்டேன். அதே வீட்டையும் அதே அடுப்பையும், அந்த அடுப்பின் முன் நின்றவளே எழுதும்போதுதான் நமக்கு நேரமில்லாமல் போகிறது.

‘பெண் எழுதினால் விமர்சிக்கவே கூடாதா?’ என்று கருத்துப் பகுதியில் கேட்கக் காத்திருப்பவர்களே, விமர்சியுங்கள். படித்துவிட்டு விமர்சியுங்கள். சீரியல் என்றவர், ‘முழுக்கப் படிக்க இயலவில்லை, அங்கங்கே புரட்டினேன்’ என்று தம் உரையின் நடுவே தாமே சொன்னார். அந்தப் பகுதி மட்டும் காணொளியில் இல்லை. நாவலில் குறையே இல்லை என்று நான் வாதிடவில்லை. இளையவளுக்குப் பிரான்சு மாப்பிள்ளை பார்க்கும் பகுதி இழுக்கிறது, எழுத்துப் பிழைகள் உண்டு, விலையும் அதிகம். ஆண் பாத்திரங்கள் வெறும் நிழல்களாக வந்துபோகிறார்கள் என்ற குற்றச்சாட்டுக்கு மட்டும் நான் பதில் சொல்லப் போவதில்லை. நிழல்களாக வந்துபோன பெண் பாத்திரங்களைப் பற்றி நீங்கள் இதுவரை எத்தனை கூட்டம் நடத்தியிருக்கிறீர்கள் என்று தெரிந்தால் பிறகு பேசலாம்.

என் தோழி ஒருத்தி வேறொன்று சொன்னாள். ‘நாள் முழுக்க நான் படுகிற பாட்டையே ராத்திரியில் காசு கொடுத்து வாங்கி எதற்குப் படிக்க வேண்டும்?’ என்று 100 பக்கத்தோடு திருப்பிக் கொடுத்துவிட்டாள். அவளிடம் என்னால் சண்டை போட முடியவில்லை. அவள் அந்த வாழ்க்கையைப் போதும் என்கிறாள்; மேடையில் பேசியவர்கள் அதை ஒரு பொருட்டாகவே மதிக்கவில்லை. இரண்டும் ஒன்றல்ல என்பது எனக்கு நிச்சயமாகத் தெரியும், அவளுக்கு விளக்கத்தான் வரவில்லை.

கடைசியில் என் மனத்தைப் புண்படுத்தியது நாவலைப் பற்றிய கருத்துக்கூட அல்ல. நீளத்தைக் குறைக்கத் தெரியவில்லை என்று குற்றம் சாட்டியவர், ‘நிறைவாக’ என்றும் ‘இறுதியாக’ என்றும் ‘ஒன்றே ஒன்று சொல்லி அமர்கிறேன்’ என்றும் அறிவித்துக்கொண்டே அரை மணி நேரத்துக்கு மேல் பேசினார். அவருக்கு எவரும் துண்டுச் சீட்டு அனுப்பவில்லை. நாவலாசிரியர் ஏற்புரைக்கு எழுந்தபோது, அரங்கத்தின் சாவியை ஒப்படைக்க வேண்டும், ஐந்து நிமிடத்தில் முடித்துக்கொள்ளுங்கள் அம்மா என்றார்கள். பல ஆண்டு உழைப்புக்கு ஐந்து நிமிடம். எழுதி வைத்திருந்த தாள்களை மடித்துப் பைக்குள் வைத்துவிட்டு, வந்தவர்களுக்கு நன்றி சொல்லி அமர்ந்துவிட்டார். அந்தத் தாள்களில் நான்கைந்து பக்கமாவது இருந்திருக்கும். நான் பக்கத்தில் இருந்து பார்த்தேன்.

அடுத்த கூட்டத்தில் அவருக்கு ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள், வேறு பேச்சாளர் வேண்டாம் என்று ஏற்பாட்டாளர்களிடம் கேட்டிருக்கிறேன். ‘பார்க்கலாம்’ என்றார்கள். அந்தப் பார்க்கலாமுக்கு என்ன பொருள் என்று நாம் அறிவோம். ஆகவே, அவர் சம்மதித்தால் எங்கள் வீட்டு மொட்டை மாடியிலேயே நடத்துவதாக இருக்கிறேன். வர விரும்புகிறவர்கள் உள்பெட்டியில் தெரிவியுங்கள். நாவல் பிடிக்காதவர்களும் தாராளமாக வரலாம், புரட்டியவர்கள் மட்டும் முழுக்கப் படித்துவிட்டு வாருங்கள்.