பிடித்தவனுக்கே கப்பல் சொந்தமா?

முல்லைத்தீவு, கிளிநொச்சிப் பக்கத்து வட்ஸ்அப் குழுக்களில் ஒரு தகவல் சுற்றுகிறது: "ஒல்லாந்தர் காலத்தில் கடலில் கப்பலைப் பிடித்தவனுக்கே சரக்கும் சொந்தம். வழக்கும் இல்லை, கோர்ட்டும் இல்லை." இது தவறு.

ஒல்லாந்தரின் கதையையே எடுப்போம். 1603 பெப்ரவரியில், சிங்கப்பூருக்குக் கிழக்கே, ஹேம்ஸ்கெர்க் என்ற ஒல்லாந்துக் கப்பல் தலைவர் 'சாந்தா கத்தரினா' என்ற போர்த்துக்கேயக் கப்பலைப் பிடித்தார். உள்ளே சீனப் பட்டும் பீங்கானும். ஆனால் பிடித்த கையோடு பங்கு போட முடியவில்லை. வழக்கு ஆம்ஸ்டர்டாம் கடற்படை நீதிமன்றத்துக்குப் போனது. 1604 செப்டெம்பரில் 'சட்டப்படியான கைப்பற்றல்' என்று தீர்ப்பு வந்தது. சரக்கு முப்பது லட்சம் கில்டருக்கும் (ஒல்லாந்து நாணயம்) மேல் விலை போனது. அதிலும் ஒல்லாந்துக் கிழக்கிந்தியக் கம்பனியின் பங்குதாரர் சிலருக்கு மனம் ஒப்பவில்லை. அந்தக் கைப்பற்றலுக்கு நியாயம் எழுதக் கம்பனி நாடிய இளம் வழக்கறிஞர்தான் ஹியூகோ குரோசியஸ். அந்த எழுத்தின் ஒரு அத்தியாயமே 1609இல் 'சுதந்திரக் கடல்' என்று வெளிவந்தது.

இங்கிலாந்திலும் இப்படித்தான். பிடிபட்ட கப்பலின் சரக்குச் சீட்டு, கடிதங்கள், மாலுமிகளின் வாக்குமூலம் எல்லாம் பார்த்தே தீர்ப்பு. எதிரியுடையது அல்ல என்று நிரூபித்தால் சரக்கைத் திருப்பித் தரவும் செய்தார்கள்.

சரி, நீதி எல்லோருக்கும் ஒன்றாகக் கிடைத்ததா? இல்லை. போர்த்துக்கேயரின் அனுமதிச் சீட்டு இல்லாத ஆசியக் கப்பலைப் பறிமுதல் செய்வதை அவர்களே சட்டமாக்கி வைத்திருந்தார்கள். நம் பக்கத்து வணிகன் லிஸ்பனுக்குப் போய் வழக்காடுவது எங்கே!