கஞ்சாக் கட்சியும் கம்பத்துக்காரனும்

கடந்த ஞாயிற்றுக்கிழமை நம் கம்பம் ஊர் இணையக் குழுவில் நடந்தது உங்களில் பலருக்குத் தெரியும் என்பதால் முழுவதையும் விவரிக்கப் போவதில்லை. தேர்தல் பேச்சு ஓடிக்கொண்டிருந்தபோது, மெல்பர்னில் குடியேறி அந்நாட்டுக் குடிமகனாகிவிட்ட நம் தெருத் தம்பி ஒருவர், 2025 மே 3 அன்று நடந்த ஆஸ்திரேலிய நாடாளுமன்றத் தேர்தலில் செனட் என்ற மேலவைக்கான தன் முதல் விருப்ப வாக்கைக் கஞ்சாவைச் சட்டபூர்வமாக்கக் கோரும் சிறிய கட்சிக்கு அளித்ததாக எழுதினார். அடுத்த நிமிடமே சிரிப்புக் குறிகள் குவிந்தன. ‘கம்பத்துக்காரன் கடல் தாண்டினாலும் இலையைத்தான் தேடுவான்’ என்று, கஞ்சாவோடு ஒட்டிவிட்ட நம் ஊர்ப் பெயரை வைத்து ஒருவர் எழுத, அதை ஊரே ரசித்தது. மாலைக்குள் தம்பி குழுவிலிருந்து நீக்கப்பட்டார். ஒரு சட்டத்தை மாற்றுங்கள் என்று வாக்குக் கேட்பதும், அந்தக் கோரிக்கைக்கு வாக்களிப்பதும் எப்போதிலிருந்து குற்றமாயின என்று நான் கேட்டேன். ‘அண்ணனுக்கும் ஒரு பொட்டலம் பார்சல்’ என்று பதில் வந்தது.

நான் பீடிகூடத் தொட்டதில்லை. இதைச் சொல்லித்தான் பேச்சைத் தொடங்க வேண்டியிருக்கிறது என்பதே எனக்கு அவமானமாக இருக்கிறது. மதுவிலக்கை எதிர்த்துப் பேசுபவரிடம் ‘நீ குடிகாரனா’ என்று கேட்காத நாகரிகம், கஞ்சாச் சட்டத்தைப் பற்றிப் பேசுபவரிடம் மட்டும் ஏன் காணாமல் போகிறது?

அந்தக் கட்சி நேற்று முளைத்த வேடிக்கைக் கும்பல் அன்று. நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தின் வட பகுதியில் உள்ள நிம்பின் என்ற சிற்றூரை மையமாகக் கொண்டு 1993இல் உருவானது. மத்தியத் தேர்தல்களில் செனட்டுக்கு ஓர் இடமும் கிடைக்காமலே தொடர்ந்து நிற்கிறது. 2022 செனட் தேர்தலில் நூற்றுக்கு மூன்றுக்கும் சற்று அதிகமானோர் அதற்கு முதல் விருப்பம் அளித்தார்கள். மேற்கு ஆஸ்திரேலியாவின் மேலவைக்கு 2021இல் இருவர், விக்டோரியாவின் மேலவைக்கு 2022இல் இருவர் அந்தக் கட்சியிலிருந்து தேர்ந்தெடுக்கப்பட்டார்கள். ‘வாக்கை வீணாக்கிவிட்டான்’ என்று எழுதிய பெரியவருக்கு ஒரு தகவல்: அங்கே செனட் வாக்குச்சீட்டில் கட்சிகளுக்கென உள்ள, கோட்டுக்கு மேலான பகுதியில் வாக்களிப்பவர் குறைந்தது ஆறு கட்சிகளுக்கு வரிசையாக எண் இட வேண்டும், முதலில் குறித்த கட்சி தோற்றால் அந்த வாக்கு அடுத்த எண்ணுக்குப் போகும். வீணாவதற்கு அதில் வாய்ப்புக் குறைவு. நம் ஊரில்தான் வைப்புத்தொகையோடு வாக்கும் சேர்ந்து போகிறது.

இப்படிப்பட்ட கட்சிகள் ஆட்சிக்கு வருவதில்லை, வரவும் வேண்டியதில்லை. கனடாவில் 2000இல் தொடங்கப்பட்ட கஞ்சாக் கட்சி நாடாளுமன்றத்தில் ஓர் இருக்கையைக்கூடப் பிடிக்கவில்லை. ஆனால் அது கேட்ட சட்டத்தை 2018 அக்டோபர் 17 அன்று ஒரு பெரிய கட்சியின் அரசு நடைமுறைப்படுத்தியது. நியூசிலாந்தில் 1996 முதல் தேர்தலில் நிற்கும் இதே போன்றதொரு கட்சியின் கோரிக்கை 2020இல் பொதுவாக்கெடுப்பு வரை சென்று, வேண்டாம் என்று 50.7 விழுக்காட்டினரும் வேண்டும் என்று 48.4 விழுக்காட்டினரும் சொல்ல, தோற்றது. தோற்றவர்கள் வீட்டுக்குப் போனார்கள். யாரையும் யாரும் ஊரை விட்டு நீக்கவில்லை. மக்களிடம் கேட்பது, மக்கள் சொல்வதை ஏற்பது என்ற இவ்வளவு எளிய விஷயத்தைத்தான் நான் அன்று எழுத முயன்றேன்.

‘உன் பிள்ளை இழுத்தால் சம்மதிப்பாயா’ என்று ஒரு சகோதரி கேட்டிருந்தார். சம்மதிக்க மாட்டேன். வளரும் வயதில் கஞ்சா மனநலத்தைக் கெடுக்கும் என்பதை நான் மறுக்கவில்லை. அதைப் பழகிக் குலைந்துபோன பையன்களை நீங்கள் பார்த்திருக்கும் அதே தெருக்களில்தான் நானும் பார்த்திருக்கிறேன். அந்தப் பொட்டலத்தை விற்றவன் பையனிடம் வயதைக் கேட்டானா? கனடாவில் 18 அல்லது 19 வயது நிறைவடையாதவருக்கு விற்றால் கடைக்காரர் சட்டத்துக்குப் பதில் சொல்ல வேண்டும். கியூபெக் மாகாணத்தில் அந்த வயது 21. நம் பேருந்து நிலையத்துக்குப் பின்னால் அப்படி எந்த வரம்பும் கிடையாது, ஏனென்றால் தாள்களின்படி அங்கே வியாபாரமே நடக்கவில்லை.

தாய்லாந்தைக் காட்டுகிறார்கள். 2022இல் கஞ்சாவுக்குக் கதவைத் திறந்துவிட்டு 2025இல் மருத்துவச் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று இறுக்கினார்கள், சரி. விதிமுறைகளை எழுதாமல் கதவைத் திறந்தால் அப்படித்தான் ஆகும். அதற்காக எந்த நாடும் கதவைப் பற்றியே பேசக் கூடாது என்று ஆகாது. முதலில் டாஸ்மாக்கை மூடச் சொல் என்பவர்களுக்கு என்னிடம் பதில் இல்லை. 2003 முதல் மதுவைச் சில்லறையாக விற்றுக்கொண்டிருப்பது அரசே என்பதும், 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் கள்ளச்சாராயம் அறுபதுக்கும் மேற்பட்ட உயிர்களைப் பறித்தது என்பதும் தெரிந்த பிறகும், ஒழுக்கப் பாடம் நடத்தும் துணிவு உங்களுக்கு இருக்குமானால் நடத்துங்கள்.

நம் நாட்டுச் சட்டத்தைப் படித்தவர்கள் எத்தனை பேர் என்று தெரியவில்லை. 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தில் கஞ்சா என்றால் பூவும் காயும் கொண்ட நுனிப்பகுதி. அது சேராத தனி இலையும் விதையும் அந்த வரையறைக்குள் வருவதில்லை. அதனால்தான் காசியில் கஞ்சா இலையை அரைத்துச் செய்யும் பாங்கை விற்க உரிமம் பெற்ற கடை பகலில் திறந்திருக்கிறது, அதில் வாங்குபவர் பக்தர் எனப்படுகிறார். ஐக்கிய நாடுகளின் போதைப்பொருள் ஆணையம் 2020 டிசம்பரில் கஞ்சாவை மிகக் கடுமையான பட்டியலிலிருந்து நீக்கியபோது 27 நாடுகள் ஆதரித்தன, 25 நாடுகள் எதிர்த்தன. ஆதரித்த 27இல் இந்தியாவும் ஒன்று. பஞ்சாபின் பாட்டியாலா தொகுதி நாடாளுமன்ற உறுப்பினரான தரம்வீர் காந்தி இந்தச் சட்டத்தைத் திருத்த தனிநபர் மசோதாவே கொண்டுவந்தார். இவர்களையும் குழுவிலிருந்து நீக்கிவிடலாமா?

எனக்கு உண்மையில் வலிப்பது வேறு என்பது எழுத எழுதத் தெரிகிறது. வருசநாட்டிலும் மேகமலையிலும் ஒரு காலத்தில் கஞ்சா பயிரானது உண்மை, யாரும் மறைக்கவில்லை. இன்று பெரும் சரக்கு எங்கிருந்து வருகிறது என்பதும் எல்லோருக்கும் தெரியும். ஆந்திரக் காவல்துறை 2022 பிப்ரவரியில் அனகாபள்ளி அருகே ஒரே இடத்தில் எரித்தது 2 லட்சம் கிலோ. ஆனால் பெயர் மட்டும் எங்கள் ஊருக்கு. பன்னீர் திராட்சைக்குப் புவிசார் குறியீடு 2023இல் கிடைத்தது. அதை யாரும் நினைவில் வைப்பதில்லை. கோட்டயத்தில் வாழ்க்கைப்பட்ட என் தங்கைக்கு ஒரு கூடைத் திராட்சை கொண்டுபோனபோது, எல்லையில் பேருந்தை நிறுத்திச் சோதித்தவர் எந்த ஊர் என்று கேட்டார். ஊரைச் சொன்னதும் கொத்துக் கொத்தாக வெளியே எடுத்துப் போட்டு, அடியில் விரித்திருந்த வாழைச்சருகையும் உதறிப் பார்த்தார். முன் இருக்கைக்காரரின் பெட்டியை அவர் தொடவில்லை. என் அக்கா மகன் வெளியூரில் படித்தபோது விடுதியில் ஏதாவது புகை நாற்றம் எழுந்தால் முதலில் தட்டப்பட்டது அவன் அறைக் கதவுதான். இதையெல்லாம் வெளியூர்க்காரர்கள் செய்தால் பொறுத்துக்கொள்ளலாம். கம்பத்தில் பிறந்தவர்களே கம்பத்துக்காரன் என்று சொல்லிச் சிரித்தால் யாரிடம் போய்ச் சொல்வது?

விடிவதற்கு முன் குமுளி, கம்பம்மெட்டு, போடிமெட்டு வழியாக ஏலத்தோட்டங்களுக்கு ஆள் ஏற்றிச் செல்லும் ஜீப்புகளில் ஒன்றை ஓட்டியவர் எங்கள் பக்கத்துத் தெருக்காரர். வண்டியில் இருந்த ஒரு மூட்டையில் 20 கிலோவுக்கு மேல் கஞ்சா இருந்தது. தனக்குத் தெரியாது என்றார். அவருக்குத் தெரியுமா தெரியாதா என்பது எனக்கும் தெரியாது. ஆனால் அந்த 1985ஆம் ஆண்டுச் சட்டத்தின் 35ஆம் பிரிவின்படி, தெரிந்தே வைத்திருந்தார் என்றுதான் நீதிமன்றம் முதலில் அனுமானிக்கும். தெரியாது என்பதை நிரூபிக்க வேண்டியது அவர் பொறுப்பு. 20 கிலோவுக்கு மேல் போனால் வணிக அளவு. குறைந்தபட்சத் தண்டனை பத்தாண்டுக் கடுங்காவல். 37ஆம் பிரிவின்படி, அவர் குற்றமற்றவர் என்று நம்புவதற்கு நியாயமான காரணம் இருப்பதாக நீதிபதிக்குத் தோன்றாமல் பிணை கிடையாது. அவருடைய மனைவி ஏலக்காய் எடுக்கப் போகும் நாள்களின் கூலியைச் சேர்த்து மதுரைக்கு வாய்தாவுக்குப் போய்வந்தார். மூட்டையை ஏற்றி அனுப்பியவன் யார் என்று இன்றுவரை எங்கள் தெருவில் யாருக்கும் தெரியாது.

கஞ்சாவை நாளையே கடையில் வைத்து விற்க வேண்டும் என்று நான் எங்கும் எழுதவில்லை. அப்படி ஒரு வாக்கெடுப்பு இங்கே நடந்தால் எந்தப் பக்கம் வாக்களிப்பேன் என்பதையும் இன்னும் முடிவு செய்யவில்லை. இந்தச் சட்டம் யாரைப் பிடிக்கிறது, யாரை விடுகிறது என்று மேடையேறிக் கேட்க ஒரு கட்சியாவது இருக்கும் நாட்டில் வாழும் ஒருவர் அந்தக் கட்சிக்கு வாக்களித்ததைக் கேவலமாக்காதீர்கள் என்றுதான் திரும்பத் திரும்பச் சொல்கிறேன். இங்கே ஓட்டுக் கேட்டு வருபவர்களில் ஒருவராவது ஜீப் ஓட்டுநர்களின் பிணையைப் பற்றிப் பேசியதைக் கேட்டவர்கள் இருந்தால் சொல்லுங்கள்.

37ஆம் பிரிவு பற்றி மாற்றுக் கருத்துள்ள வழக்கறிஞர்கள் தாராளமாக எழுதலாம், நான் பொறுமையாகப் படித்துப் பதில் சொல்வேன். ‘அண்ணன் இழுத்துவிட்டு எழுதியிருக்கிறார்’ வகைப் பின்னூட்டங்களை இம்முறை விளக்கம் எதுவும் தராமல் நீக்கிவிடுவேன்; சொந்தக்காரர்களாக இருந்தாலும் சரி.