இன்வெர்ட்டர் இருந்தது, தண்ணீர் இல்லை

மூன்று நாளாக ஆளையே காணோமே என்று இன்பாக்ஸில் கேட்டவர்களுக்கெல்லாம் சேர்த்து ஒரே பதில்: ஊரிலேதான் இருந்தேன். கரண்டுதான் ஊரில் இல்லை.

ஈரோடு மாவட்டத்தில் பெருந்துறைக்கும் சென்னிமலைக்கும் நடுவில் எங்கள் ஊர். ஞாயிற்றுக்கிழமை பொழுதோட ஐந்து மணி இருக்கும், மலைப்பக்கம் வானம் கருக்கட்டிக்கொண்டு வந்தது. வைகாசியில் இது எங்களுக்குப் புதிதில்லை. பகல் முழுக்கப் புழுங்கி எடுக்கும், பொழுதோட ஒரு காற்றுக் கிளம்பும், அரைமணி நேரம் அடித்துவிட்டு அது பாட்டுக்குப் போய்விடும். கோபி, சத்தி பக்கம் வாழை போட்டவர்களுக்கு இந்த மாதத்தில் வானத்தைப் பார்த்தாலே வயிற்றில் புளி கரையும். எங்கள் பக்கம் தென்னை என்பதால் பயம் கொஞ்சம் குறைவு. அன்றைக்கு மழை என்று பார்த்தால் வாசல் நனைந்தது, அவ்வளவுதான். காற்றுதான் பேய்க்காற்று. முருங்கை வழக்கம்போல முதல் ஆளாக முறிந்தது. மாட்டுக் கொட்டகைத் தகரம் ஒன்று பறந்து பக்கத்துத் தோட்டத்தில் விழுந்தது. பால் சொசைட்டிக்கு எதிரே நின்ற புளியமரத்தின் பெரிய கிளை ஒன்று முறிந்து கம்பிமேல் விழ, ஒரு கம்பம் சாய்ந்து அடுத்ததை இழுக்க, அது அதற்கடுத்ததை இழுக்க, வரிசையாக ஆறு கம்பம் படுத்துவிட்டது.

கரண்டு போன அந்த நிமிடம் எனக்கு உள்ளுக்குள் ஒரு சின்னப் பெருமை. மறைப்பானேன்? போன வருடம்தான் இன்வெர்ட்டர் வாங்கியிருந்தேன். வளவே இருட்டில் கிடக்க, எங்கள் வீட்டில் மட்டும் ஃபேன் ஓடுகிறது. பக்கத்து வீட்டுக் குழந்தைகள்கூட வந்து படுத்துக்கொண்டன. "ஒரு நாள் பூராத் தாங்குமுங்க" என்று சொல்லித்தான் கடைக்காரர் விற்றார். ராத்திரி பன்னிரண்டேகாலுக்கு அது கீ கீ என்று கத்திவிட்டு அடங்கிப்போனது.

இருட்டில் விசிறிக்கொண்டே கணக்குப் போட்டுப் பார்த்தேன். 12 வோல்ட், 150 ஏஎச் (ஆம்பியர் மணி) பேட்டரி. பெருக்கினால் 1,800 வாட் மணி, அதாவது 1.8 யூனிட். அடிவரைக்கும் உறிஞ்சினால் பேட்டரி கெட்டுவிடும், மாற்றித் தருவதிலும் கொஞ்சம் வீணாகும்; கைக்கு வருவது ஏறக்குறைய 1.3 யூனிட். பழைய சீலிங் ஃபேன் ஒன்று 75 வாட் இழுக்கும். இரண்டு ஃபேன், மூன்று எல்இடி பல்பு என்றால் 180 வாட் பக்கம் வரும். ஏழு மணி நேரம். சரியாக அதுதான் ஓடியிருக்கிறது, பாவம், அதன்மேல் குற்றம் இல்லை. அதே ஃபேன்கள் கரண்டு குறைவாக இழுக்கிற பிஎல்டிசி ரகமாக இருந்திருந்தால் ஆளுக்கு 30 வாட்டோடு முடிந்திருக்கும், விடிய விடிய ஓடியிருக்கும். பேட்டரியைப் பெரிதாக வாங்கச் சொன்ன கடைக்காரர், ஃபேனை மாற்றச் சொல்லவே இல்லை.

சரி, இது சின்ன விஷயம். ஒரு ராத்திரி ஃபேன் இல்லாமல் படுத்தால் யாரும் கரைந்துவிட மாட்டார்கள். வாசலில் கயிற்றுக் கட்டிலைப் போட்டால் முடிந்தது. நிஜமான சங்கதி திங்கட்கிழமை காலையில்தான் உறைத்தது. பல் விளக்கக் குழாயைத் திருப்பினேன். புஸ்ஸென்று காற்று வந்தது, நான்கு சொட்டு விழுந்தது, நின்றுவிட்டது.

எங்கள் வீட்டில் தினமும் பொழுதோட ஆறு மணிக்குத்தான் மோட்டார் போடுவது. காற்று ஐந்து மணிக்கே வந்துவிட்டது. ஆயிரம் லிட்டர் தொட்டியின் அடியில் கிடந்த தண்ணீரை ராத்திரியே தீர்த்தாயிற்று. வீட்டில் ஐந்து பேர். வீட்டுக்கு வீடு குழாய் கொடுக்கிற ஜல் ஜீவன் திட்டத்தில் கிராமத்து ஆளுக்கு ஒரு நாளைக்கு 55 லிட்டர் என்று கணக்கு வைத்திருக்கிறார்கள். எங்களுக்கு 275 ஆகிறது. அது போக இரண்டு எருமை, ஒரு கறவை மாடு. வெயில் காலத்தில் எருமை ஒன்று அறுபது எழுபது லிட்டர் சாதாரணமாகக் குடிக்கும். மனிதர்களிடம் இன்றைக்குக் குளிக்க வேண்டாம் என்று சொல்லலாம். எருமையிடம் என்ன சொல்ல? காலையில் தாழி காய்ந்துகிடந்தது, பொழுதோடப் பாலில் ஒரு லிட்டர் குறைந்தது.

கரண்டு போனால் என்ன செய்வது என்று யாரைக் கேட்டாலும் இன்வெர்ட்டர், எமர்ஜென்சி லைட், பவர் பேங்க் என்றுதான் அடுக்குகிறோம். நானும் அந்தக் கூட்டம்தான். நம் மனதில் கரண்டு என்றால் வெளிச்சம், காற்று, செல்போன். கொங்கு நாட்டில் கரண்டு என்றால் முதலில் தண்ணீர் என்பதை நாம் மறந்துவிட்டோம்.

என் ஆத்தாவுக்கு எண்பத்து நான்கு வயது. எருது பூட்டிக் கிணற்றுத் தண்ணீர் இறைத்த, அந்தக் கவலை ஓட்டிய காலத்தைக் கண்ணால் பார்த்தது. இரண்டு எருது, வடக்கயிறு, தண்ணீர் மொள்ளும் சால். விடியக் கருக்கலில் பூட்டினால் உச்சிப்பொழுது வரைக்கும் முன்னே போவதும் பின்னே வருவதும்தான். நீலகிரியில் பைக்காராவில் 1932-ல் மின்சாரம் எடுத்ததும் கோயம்புத்தூர் மில்கள் பெருகின என்று படித்திருக்கிறோம். தோட்டத்துக்காரர்களுக்கு அந்த மின்சாரம் கிணற்று மோட்டாராகத்தான் வந்து சேர்ந்தது. 1970-ல் யூனிட்டுக்கு ஒரு பைசா ஏற்றியதை எதிர்த்து உழவர்கள் தெருவில் இறங்கினார்கள். திருப்பூர் பக்கம் பெருமாநல்லூரில் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் மூன்று பேர் செத்தார்கள். ஒரு பைசாவுக்கா இவ்வளவு என்று இன்றைக்குக் கேட்கிற பிள்ளைகள் உண்டு. அது விளக்குக்குக் கேட்ட பைசாவா? தண்ணீருக்குக் கேட்ட பைசா.

திங்கட்கிழமைக்கு வருகிறேன். எதிர்வீட்டுத் தம்பி வந்து, "அண்ணா, உங்க இன்வெர்ட்டர்ல மோட்டார் போட்டா என்னங்ண்ணா?" என்றான். பேட்டரி செத்துக் கிடந்தது ஒருபக்கம். இருந்திருந்தாலும் நடக்காது. ஒன்றரை ஹெச்பி மோட்டார் கிளம்பும்போது ஓடுவதைப்போல ஐந்தாறு மடங்கு கரண்டு இழுக்கும். வீட்டு இன்வெர்ட்டர் அதைத் தாங்காமல் டிரிப் ஆகிவிடும். பஞ்சாயத்துக் குழாய்? அந்த மேல்நிலைத் தொட்டிக்கும் மோட்டார்தான் ஏற்ற வேண்டும். மூன்றாவது வீட்டு மாமா கூரையில் சோலார் போட்டிருக்கிறார், மூன்று கிலோவாட். வெயில் மண்டையைப் பிளக்கிறது, பேனல் பளபளக்கிறது, வீட்டில் ஒரு பல்பு எரியவில்லை. பேட்டரி இல்லாமல் லைனோடு சேர்த்துப் போட்ட சோலார், லைனில் கரண்டு இல்லையென்றால் தானாக நின்றுவிடும். இல்லாவிட்டால் அந்தக் கரண்டு வெளியே ஓடி, கம்பத்தில் ஏறி வேலை செய்கிறவரைக் கொன்றுவிடும். மாமாவுக்கு இது அன்றைக்குத்தான் தெரியும். மானியத்தையும் சேர்த்துத் திட்டிக்கொண்டிருந்தார்.

மாரியம்மன் கோயில் பக்கம் முன்னே ஒரு அடிபம்பு இருந்தது. நாங்கள் பள்ளிக்கூடம் போகும்போது தொங்கித் தொங்கி அடித்துத் தண்ணீர் குடித்த பம்பு. பின்னால் அதைக் கழற்றிவிட்டு, அதே குழிக்குள் ஒரு மோட்டாரை இறக்கி, பக்கத்தில் ஒரு கறுப்புத் தொட்டியை வைத்து மினி பவர் பம்ப் ஆக்கினார்கள். ஊரே சந்தோஷப்பட்டது, நானும்தான். பெண்களுக்குத் தோள் வலி மிச்சம். பம்பைக் கழற்றும்போது, இது ஒன்றாவது இருக்கட்டும் என்று ஒருத்தரும் சொல்லவில்லை. இப்போது அந்தத் தொட்டியும் மற்றத் தொட்டிகளைப்போலக் காய்ந்து நின்றது.

மிச்சம் இருந்தது எங்கள் வீட்டுப் பின்னால் இருக்கிற சேந்து கிணறு. பத்துப் பன்னிரண்டு வருடமாக அதன்மேல் கம்பிவலை போட்டு மூடி, வலைமேல் தேங்காய் மட்டையை அடுக்கி வைத்திருந்தோம். கீழ்பவானி வாய்க்கால் கசிவில் கோடையிலும் அதில் நாற்பதடியில் தண்ணீர் நிற்கும். மட்டையை அள்ளிப் போட்டுவிட்டு வலையைத் தூக்கினால், ராட்டினத்தின் அச்சு துருப்பிடித்து ஒட்டிப்போயிருந்தது. டிராக்டருக்கு வைத்திருந்த கிரீஸை அப்பி, சுத்தியலால் தட்டித் தட்டிச் சுற்றவைத்தோம். கயிறு என்று கையில் கிடைத்தது பச்சை நைலான் கயிறு. வாளி, பாத்ரூமில் இருந்த பிளாஸ்டிக் வாளி.

வாளி கீழே போய்ச் சேர்ந்தது. மிதந்தது. கயிற்றைத் தளர்த்தினேன், மிதந்தது. இழுத்து விட்டேன், அப்படியே குதித்துவிட்டு மறுபடியும் மிதந்தது. டிகிரி முடித்தவன், கம்பெனியில் கணக்குப் பார்க்கிறவன், ஒரு வாளியை முக்கத் தெரியாமல் கிணற்று மேட்டில் நிற்கிறேன். ஆத்தா திண்ணையிலிருந்து எழுந்து வந்தது. கயிற்றைக் கையில் வாங்கவில்லை, வாயாலேயே சொன்னது: "புடிச்சு இழுக்காத கண்ணு. கயித்த லேசா உட்டு ஒரு வெட்டு வெட்டு. வாயி தண்ணியப் பாத்துத் திரும்போணும்." ஐந்தாவது வெட்டில் வாளி கவிழ்ந்து முங்கியது. கயிறு கனத்தபோது எனக்கு வந்த சந்தோஷம் இன்வெர்ட்டர் வாங்கிய அன்றைக்குக்கூட வரவில்லை. நைலான் கயிறு உள்ளங்கையை அறுத்து எடுத்தது வேறு கதை. பழைய வேட்டியைக் கிழித்துச் சுற்றிக்கொண்டோம். மத்தியானத்துக்குள் வளவே குடத்தோடு வந்து நின்றது. ஒரு வாளி கைப்பிடி பிய்ந்து உள்ளே விழுந்தது; எடுக்கப் பாதாளக்கரண்டி ஊரில் ஒரு வீட்டிலும் இல்லை. அது இன்னும் உள்ளேதான் கிடக்கிறது.

செவ்வாய்க்கிழமை நான்கு வீடு சேர்ந்து, பந்தல் போடுகிறவரிடம் ஜெனரேட்டர் வாடகைக்கு எடுத்தோம். மினி டெம்போவில் வைத்து வீடு வீடாகக் கொண்டுபோய் மோட்டாருக்குக் கொடுத்து, ஒவ்வொரு தொட்டியாக ஏற்றினோம். இங்கே ஒரு விஷயத்தைக் கொஞ்சம் கோபமாகவே சொல்கிறேன். ஒரு வீட்டில் ஜெனரேட்டர் ஒயரைச் சுவர் பிளக்கில் சொருகி, வீட்டு ஒயரிங் வழியாகவே மோட்டாருக்குக் கொண்டுபோகப் பார்த்தார்கள். மெயினையும் இறக்கவில்லை. டிரான்ஸ்பார்மர் இரண்டு பக்கமும் வேலை செய்கிற சாமான். 11,000 வோல்ட்டை நமக்காக இறக்கித் தரும் அதே பெட்டி, இந்தப் பக்கமிருந்து 230 கொடுத்தால் அந்தப் பக்கம் ஆயிரக்கணக்கான வோல்ட்டாக ஏற்றிவிடும். அரை மைல் தள்ளிக் கம்பத்தில் ஏறி நிற்கிற லைன்மேன் லைன் செத்துக் கிடக்கிறது என்று நம்பிக் கை வைப்பார். மோட்டார் ஒயரைக் கழற்றி நேராக ஜெனரேட்டரில் மாட்டுங்கள், இல்லையென்றால் எலக்ட்ரீஷியனை வைத்து, லைனைத் துண்டித்துவிட்டு ஜெனரேட்டருக்கு மாற்றுகிற சேஞ்ச்ஓவர் சுவிட்ச் போடுங்கள். இரண்டும் முடியாதென்றால் கிணற்றில் சேந்துங்கள். அப்புறம், மழை என்று ஜெனரேட்டரை வீட்டுக்குள்ளோ மோட்டார் ரூமுக்குள்ளோ வைத்து ஓட்டாதீர்கள். அந்தப் புகைக்கு வாசனையைவிட விஷம் அதிகம். தூங்குகிறவர் எழுந்திருக்க மாட்டார்.

கம்பம் நட வந்தவர்களில் ஒருவர் எங்கள் ஒரம்பரைதான், அத்தை வழியில் மாப்பிள்ளை முறை. மோரைக் கொடுத்துவிட்டுப் பேசிக்கொண்டிருந்தேன். 2018 நவம்பரில் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையைக் கடந்தபோது டெல்டாவுக்குப் போனவர்களில் அவரும் ஒருவர். அங்கே சாய்ந்த கம்பங்கள் லட்சத்துக்கும் மேலே. வயலுக்குள் சேற்றில் கம்பத்தைத் தோளில் சுமந்துபோய் நட்டிருக்கிறார்கள். "லைட்டு எப்ப வரும்னு அங்க ரொம்பப் பேரு கேக்கலீங்க மாமா. மோட்டாரு எப்ப ஓடும்னுதான் கேட்டாங்க. ஜெனரேட்டர் வண்டி பின்னாலயே ஓடுனாங்க" என்றார். சோற்றைத் தின்றுகொண்டே சாதாரணமாகச் சொன்னார். எனக்குத்தான் சுருக்கென்றது. ஆறு கம்பத்துக்கே இந்தக் கூத்து ஆடியிருக்கிறோம்.

புதன்கிழமை பொழுதோட கரண்டு வந்தது. வந்த கையோடு எல்லா சுவிட்சையும் போட வேண்டாம், முதலில் ஒரு பல்பை மட்டும் போட்டுப் பாருங்கள் என்று அவரே சொல்லிவிட்டுப் போனார். காற்றில் நியூட்ரல் கம்பி அறுந்திருந்தால் 230 வர வேண்டிய வீட்டில் 400க்குப் பக்கம்கூட ஏறும். ஃப்ரிட்ஜும் டிவியும் ஒரே நொடியில் போய்விடும்.

எண்ணூறு ஆயிரம் அடிக்குப் போர் போடுகிற ஊரில் கிணறாவது அடிபம்பாவது என்று கேட்பீர்கள். காங்கேயம், பல்லடம் பக்கத்துக்காரர்கள் கட்டாயம் கேட்பார்கள், நியாயம்தான். சாதாரண அடிபம்பு நூற்றைம்பது அடிக்கு மேல் எடுக்காது. அங்கே வழி சேமிப்புதான். மோட்டாரைப் பொழுதோட போடாமல் காலையில் போட்டுத் தொட்டியை எப்போதும் நிரப்பி வையுங்கள், மாட்டுக்கென்று தனியாக ஒரு சிமெண்ட் தொட்டி கட்டுங்கள். பஞ்சாயத்துத் தொட்டி மோட்டாரில் ஜெனரேட்டர் மாட்டுவதற்கு ஒரு சேஞ்ச்ஓவர் சுவிட்ச் வைக்க என்ன பெரிய செலவாகிவிடும்? லைனையே நம்பாத சோலார் பம்பு தோட்டங்களில் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. ஊர்க் குடிதண்ணீருக்கு ஒன்று வைத்தால் என்ன? அடுத்த கிராமசபையில் இந்த இரண்டையும் கேட்கப் போகிறேன். தெருவிளக்கைப் பற்றிப் பேச ஐம்பது பேர் வருவார்கள், இதற்கு எத்தனை பேர் வருகிறார்கள் என்று பார்ப்போம்.

ஆனால் தண்ணீர் மேலே நிற்கிற ஊரில், கிணற்றை மூடிக் குப்பை கொட்டுவதை என்னால் இனிமேல் ஒப்புக்கொள்ள முடியாது. போன மாதம் வரைக்கும் அதைத் தூர்த்துவிட்டுக் கார் நிறுத்தலாம் என்று சொல்லிக்கொண்டிருந்தவன் நான்தான். வீட்டம்மா அதை ஊரில் எல்லோரிடமும் சொல்லிவிட்டாள்.

இந்த மூன்று நாளில் சத்தம் நிற்காத ஒரே இடம் சென்னிமலைப் பக்கத்துக் கைத்தறிக் குழிகள்தான். விசைத்தறி எல்லாம் செத்துக் கிடக்க, பெட்ஷீட் நெய்கிற ஒரு பெரியவர் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு வெளிச்சத்தில் டக் டக் என்று ஓட்டிக்கொண்டிருந்தார். கைத்தறிக்குத் திரும்புவோம் என்று சொல்ல வரவில்லை. அவருக்குக் கிடைக்கிற கூலி எனக்குத் தெரியும். பார்த்தேன், சொன்னேன்.

இப்போது ராட்டினத்துக்குப் புது அச்சுப் போட்டாயிற்று. இரும்பு வாளி ஒன்று பெருந்துறையில் கிடைத்தது, ஆத்தா தட்டிப் பார்த்து, தகரம் மெலிசு என்று சொல்லிவிட்டது. கயிறுதான் கிடைக்கவில்லை. கைக்கு இதமாக, பருமனாக, அறுபதடிக்கு நல்ல தேங்காய் நார்க் கயிறோ பருத்திக் கயிறோ பவானி, அந்தியூர் பக்கம் யாராவது திரித்துக் கொடுக்கிறார்களா? நைலான் வேண்டாம். பாதாளக்கரண்டி வைத்திருக்கிறவர்கள் இருந்தால் ஒரு நாள் இரவலாகக் கொடுங்கள், வாளியை எடுத்துவிட்டுத் திருப்பிக் கொடுத்துவிடுகிறேன்.