ஹேமக் பை தைப்பவர்களே, ஒரு நாள் மழையில் கட்டிப் பாருங்கள்

இரண்டு மரத்துக்கு நடுவே கட்டித் தொங்கும் துணிப் படுக்கையான ஹேமக்கை 2 நிமிடத்தில் கட்டிப் படுத்துவிடலாம் என்று அதன் பையின் மேல் அச்சடித்திருக்கிறார்களே, அதை எழுதியவர்கள் ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, நாள் முழுக்க நடந்து கால் ஓய்ந்துபோய், இருட்டுகிற நேரத்தில், தூறலில், விரல் விறைக்க நின்று அதைக் கட்டிப் பார்த்திருந்தால் அப்படி எழுத மனசு வந்திருக்காது. எனக்கு 40 நிமிடம் ஆனது. கட்டத் தெரியாமல் இல்லை. பல வருடமாகக் காட்டுக்குள் ஹேமக்கில்தான் தூங்குகிறேன்; வேரும் கல்லும் முதுகைக் குத்தக் கூடாரத்தில் புரண்ட இரவுகளுக்குப் பிறகு தரைக்குத் திரும்பவே மனமில்லை. அவ்வளவு பிடித்த பொருள் என்பதால்தான் இவ்வளவு கோபம்.

பழைய ஹேமக்கின் துணி நைந்துவிட்டது. சரி, இந்தத் தடவை கொசுவலை, தார்ப்பாய், கயிறு எல்லாம் சேர்ந்து வரும் செட்டாகவே வாங்கினேன். அத்தனையையும் ஒரே பைக்குள் அடைத்து அனுப்பியிருந்தார்கள். யானையைப் பானைக்குள் அடைத்த மாதிரி ஒரு பை, அதன் வாய்க்குள் என் கை முழுசாக நுழையவில்லை. கடையில் எடுத்துப் பார்க்கிறவர் அட, இவ்வளவு சின்னதா என்று சொல்ல வேண்டும், அதற்காக மட்டுமே தைத்த பை. எடை விஷயமும் அப்படித்தான். அட்டையில் போட்டிருக்கும் கிராம் கணக்கில் துணி மட்டும்தான் இருக்கிறது. மரத்தைச் சுற்றிக் கட்டும் ஸ்ட்ராப் என்ற நாடா, அதில் ஹேமக்கை மாட்டும் காரபினர் என்ற கொக்கி வளையம், முளை, தார்ப்பாய்க் கயிறு எதுவும் அதில் சேர்த்தி இல்லை, ஆனால் அத்தனையும் என் முதுகில்தான் ஏறுகிறது.

மழையில் முதலில் மேலே ஏற வேண்டியது தார்ப்பாய். அதன் அடியில் நின்றுகொண்டுதான் மற்றதைக் கட்ட வேண்டும், காலையில் எல்லாவற்றையும் சுருட்டி உள்ளே வைத்த பிறகு கடைசியாக இறங்க வேண்டியதும் அதுதான். ஹேமக்கில் நாலு நாள் தூங்கியவர் யாரைக் கேட்டாலும் இதைத்தான் சொல்வார். இவர்கள் அதைப் பையின் அடியில் வைத்திருந்தார்கள். கிளம்புவதற்கு முந்தின நாள் மாற்றி அடுக்கிப் பார்த்தேன். தார்ப்பாய் மேலே வந்தால் பையின் வாய் மூட மறுக்கிறது, அதன் மடிப்பு அகலம் அப்படி. அப்புறம் என்ன, தூறலில் ஹேமக்கையும் கொசுவலையையும் வெளியே உருவிப் போட்டால்தான் தார்ப்பாய் கைக்கு வரும். எங்கே போடுவது? தரை முழுக்கச் சேறும் ஈரச் சருகும். தோளில் போட்டுக்கொண்டேன், அது வழுக்கும் நைலான், தோளில் நிற்குமா? விழுந்தது. வலையில் ஒரு சுள்ளி மாட்டிக்கொண்டது. டார்ச்சைப் பல்லில் கடித்துக்கொண்டு அந்தச் சுள்ளியை ஒவ்வொரு கண்ணியாக விடுவிக்கிறேன், வலை கிழிந்துவிடக் கூடாதே என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு, கழுத்துக்குள் தண்ணீர் இறங்குகிறது, நான் படுக்க வேண்டிய துணி கண் முன்னாலேயே நனைகிறது. எப்படி இருந்திருக்கும் எனக்கு!

சரி, தார்ப்பாய் ஏறியது. இனி மரம். செட்டில் கொடுத்திருந்தது சுண்டுவிரல் கனம்கூட இல்லாத கயிறு. ஒரு ஆளின் எடையை அந்த மெல்லிய கயிற்றில் தொங்கவிட்டால் அது மரத்தின் பட்டையை அறுத்துக்கொண்டு உள்ளே போகும். இலைகள் செய்யும் உணவு கீழே இறங்கும் வழி அந்தப் பட்டையின் உட்புறத்தில்தான் இருக்கிறது, அங்கே காயம் பட்டால் மரம் நொந்துபோகும். குறைந்தது 2.5 சென்டிமீட்டர் அகல ஸ்ட்ராப்தான் கட்ட வேண்டும் என்பது ஹேமக் செய்கிறவர்களுக்குத் தெரியாத விஷயமா? தெரியும். அகல ஸ்ட்ராப் வைத்தால் பை பெரிதாகிவிடும், அவ்வளவுதான் காரணம் என்று எனக்குத் தோன்றுகிறது. நாம் மரத்தை நம்பித் தொங்குகிறோம், அந்த மரத்தின் கழுத்தையே அறுக்கும் கயிற்றைக் கொடுத்து அனுப்புவது என்ன நியாயம்?

நல்லவேளையாகப் பழைய ஸ்ட்ராப்களைக் கூடவே எடுத்துப் போயிருந்தேன். பாலியஸ்டர் ஸ்ட்ராப். நைலான் என்றால் நனைந்து பாரம் ஏறும்போது தொய்ந்துகொண்டே போகும். நாற்காலி உயரத்தில் கட்டிப் படுத்தவருக்கு நடுராத்திரியில் இடுப்பு தரையில் தட்டும். நீளமும் முக்கியம். இரண்டு மரத்துக்கும் நடுவே 4 முதல் 5 மீட்டர் இருந்தால் சௌகரியம், ஆனால் மரம் பருமனாக இருந்தால் அதைச் சுற்றுவதற்கே ஸ்ட்ராப் தீர்ந்துவிடும். 40 சென்டிமீட்டர் குறுக்களவுள்ள மரத்தை ஒரு சுற்று சுற்றவே ஒன்றேகால் மீட்டர் வேண்டும். செட்டில் வந்த கயிற்றின் மொத்த நீளமே பக்கத்துக்கு ஒன்றரை மீட்டர்தான்!

எனக்கு அதிகமாக வயிறு எரிவது அந்தப் படத்தைப் பார்க்கும்போதுதான். பையோடு வரும் காகிதத்தில் ஹேமக்கைப் பலகை மாதிரி இழுத்து, கயிறு ஏறக்குறைய தரைக்கு இணையாக நிற்க, ஒருவர் அதில் சிரித்துக்கொண்டு படுத்திருக்கிறார். இது தப்பு மட்டுமல்ல, ஆபத்து. கயிறு கிடைமட்டத்திலிருந்து 30 டிகிரி சரிவில் இருந்தால் 70 கிலோ ஆள் படுக்கும்போது ஒவ்வொரு பக்கக் கயிற்றிலும் விழும் இழுவை அதே 70 கிலோ. சரிவு 10 டிகிரியானால் அது 200 கிலோவாகிவிடுகிறது, 5 டிகிரியில் 400. அசையாமல் படுத்திருக்கும்போதே இவ்வளவு. தொப்பென்று உட்கார்ந்தால் இன்னும் கூடும். காரபினரும் தையலும் மரமும் அதைத் தாங்க வேண்டும். புதிதாக வருகிறவர் அந்தப் படத்தை நம்பி, இறுக்கி இறுக்கிக் கட்டி, துணியின் இரண்டு ஓரமும் தோளை நெரிக்க ராத்திரி முழுக்கத் தூங்காமல் கிடந்து, காலையில் முதுகைப் பிடித்துக்கொண்டு ஹேமக் நமக்குச் சரிப்படாது என்று விட்டுவிட்டுப் போகிறார். என்னோடு வந்த இரண்டு பேர் அப்படித்தான் போனார்கள். தளர்த்திக் கட்டுங்கள், நடுக்கோட்டிலிருந்து விலகிக் குறுக்காகப் படுங்கள், அப்போதுதான் முதுகு சமமாகும் என்று இரண்டு வரி அந்தக் காகிதத்தில் போட்டிருந்தால் அவர்கள் இன்றைக்கும் கூட வந்திருப்பார்கள். இரண்டு முனைக்கும் நடுவே ஹேமக் நீளத்தில் சுமார் 83 சதவீத அளவுக்கு ஒரு மெல்லிய கயிற்றை நிலையாகக் கட்டிவிட்டால் எந்த மரத்தில் கட்டினாலும் அதே தொய்வு வரும், 3.35 மீட்டர் ஹேமக்குக்கு ஏறக்குறைய 2.8 மீட்டர். இவ்வளவு சின்ன வேலையைத் தொழிற்சாலையிலேயே செய்து தர முடியாதா?

ஸ்ட்ராப் வழியாக ஓடி வரும் மழைத் தண்ணீர் ஹேமக்குக்குள் இறங்காமல் சொட்ட ஒரு துண்டு நூல் கட்ட வேண்டும், அதையும் சொல்லவில்லை. கீழே காற்று அடிக்கும், ஸ்லீப்பிங் பேக்கின் அடிப்பக்கம் உடம்பின் பாரத்தில் நசுங்கிவிட்டால் சூடு நிற்காது, ஹேமக்குக்கு அடியில் வெளியே தொங்கவிடும் அண்டர்குயில்ட் என்ற போர்வை வேண்டும், அதையும் சொல்லவில்லை. குளிரில் நடுங்கித்தான் எல்லாரும் கற்றுக்கொள்கிறோம்.

காலையில் மழை விட்டிருந்தது, தார்ப்பாய் சொட்டச் சொட்ட நனைந்திருந்தது. அதையும், உடம்புச் சூட்டில் ஒருவழியாகக் காய்ந்திருந்த ஹேமக்கையும் ஒரே பைக்குள் திணிக்க வேண்டுமாம். இரண்டு பக்கமும் வாய் திறக்கும் பை என்று ஒன்று இருக்கிறது. ஒரு முனையை மரத்திலிருந்து அவிழ்க்காமலே ஹேமக்கைக் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே தள்ளிக்கொண்டே போகலாம், துணி தரையைத் தொடாது, மடிக்கவும் வேண்டாம், கட்டும்போதும் அதே மாதிரி உருவிக்கொண்டே அடுத்த மரத்துக்கு நடக்கலாம். அதற்குக் கூடுதலாக வேண்டியது ஒரு சாண் துணியும் ஒரு நாடாவும். இவர்கள் கொடுத்த பையோ ஹேமக்கின் ஓரத்தோடு சேர்த்துத் தைத்தது, வேறு பை மாற்றிக்கொள்ளவும் வழியில்லை.

ஒரு கல்லின் மேல் உட்கார்ந்து, கத்தியின் முனையால் அந்தத் தையலை ஒவ்வொரு இழையாக அறுத்தேன். ஹேமக்கை முதுகுப்பையின் அடியில் அப்படியே திணித்தேன், தார்ப்பாயைப் பிழிந்து வெளிப்பக்க வலைப் பையில் செருகினேன். முழுசாக 1 நிமிடம்கூட ஆகவில்லை.