விட்டுவிட்டுப் போனவள் எழுதுவது

அந்தக் கமெண்டை அழித்துவிட்டாராம். நல்லது. ஆனால் ஞாயிற்றுக்கிழமை இரவுக்குள் பதினோரு பேர் எனக்கு ஸ்கிரீன்ஷாட் அனுப்பிவிட்டார்கள். அதில் நான்கு பேர் "பார்த்தியா?" என்று மட்டும் கேட்டிருந்தார்கள். பார்த்தேன். 28 நாள் தங்கிப் படித்து வாங்கிய யோகா ஆசிரியர் சான்றிதழோடு நான் நிற்கும் படத்துக்குக் கீழே, வாழ்த்துகளுக்கு நடுவில், "எல்லாம் சரி, குழந்தையை விட்டுட்டு ஒரு மாசம் போக எப்படி மனசு வந்தது?" கூடவே கைகூப்பும் பொம்மை வேறு.

யார் என்று சொல்லப் போவதில்லை. தெரிந்தவர்களுக்குத் தெரியும். அக்கா என்றுதான் கூப்பிட்டு வந்தேன், இனியும் அப்படித்தான் கூப்பிடுவேன். எனக்குப் பிரச்சினை அவரல்ல, அந்த "விட்டுட்டு".

மகளுக்கு ஒன்றரை வயதாக இருந்தபோது என் கணவர் வேலை விஷயமாக ஐந்து மாதம் வெளிநாட்டில் இருந்தார். அப்போது எல்லோரும் என்னிடம் கேட்டது, "அவர் போயிருக்காரா?" போயிருக்கிறார். அவ்வளவுதான். "விட்டுட்டுப் போயிருக்காரா?" என்று ஒருவர் கேட்கவில்லை. மாறாக, "பாவம், தனியா என்ன சாப்பிடுறாரோ" என்று அவருக்காக வருத்தப்பட்டார்கள். ஒன்றரை வயதுக் குழந்தையோடு தூக்கமில்லாமல் எதிரில் உட்கார்ந்திருந்தவள் நான். பாவம் அவர்.

நான் போனது 28 நாள். அவர் போனார், நான் விட்டுவிட்டுப் போனேன். சித்தார்த்தன் பச்சைக் குழந்தையையும் மனைவியையும் தூங்கவிட்டு நள்ளிரவில் கிளம்பியதாகத்தான் கதை. அதற்குத் துறவு என்று தனியாக ஒரு சொல்லே வைத்திருக்கிறோம். நான் பட்டப்பகலில், எல்லோரிடமும் சொல்லிவிட்டு, திரும்பி வரும் தேதியையும் சொல்லிவிட்டுத்தான் கிளம்பினேன்.

குழந்தைக்கு அப்பா இருக்கிறார், பாட்டி இருக்கிறார். தெருவில் விடவில்லை.

"ஆன்லைனில் படித்திருக்கலாமே" என்று கேட்பீர்கள். 2020இல் கொரோனா காலத்தில் அதற்கும் அனுமதி வந்தது, தெரியும். அப்படிப் படித்து நன்றாகச் சொல்லித் தருபவர்களும் இருக்கிறார்கள். ஆனால் எனக்குத் தேவைப்பட்டது வேறு. ஒரு சின்ன விஷயம் சொல்கிறேன். மாணவர்களைப் பார்த்து நின்று சொல்லித் தரும்போது, "வலது காலை உயர்த்துங்கள்" என்று சொல்லிக்கொண்டே ஆசிரியர் தன் இடது காலை உயர்த்த வேண்டும். எதிரில் இருப்பவர்கள் கண்ணாடியைப் பார்ப்பது போல அப்படியே செய்வார்கள். கேட்க எளிதாக இருக்கிறதல்லவா? முதல் நாள் நான் வலது என்று சொல்லி வலதையே தூக்கினேன். பாதி வகுப்பு என் பேச்சைக் கேட்டது, பாதி வகுப்பு என் காலைப் பார்த்தது. முன்வரிசையில் இரண்டு பேர் ஒருவரை ஒருவர் உதைத்துக்கொண்டார்கள். இதைத் திரையில் உள்ள சதுரங்களுக்கு முன்னால் எப்படிப் பழகுவது? சிரசாசனத்தில் ஒருவர் எடையை முன்கைகளில் தாங்குகிறாரா, கழுத்தில் போடுகிறாரா என்பதைப் பக்கத்தில் மண்டியிட்டுப் பார்க்க வேண்டும். கழுத்து விளையாட்டுப் பொருளல்ல.

"வார இறுதியில் படித்திருக்கலாம்." சரி, கணக்குப் போடுவோம். அடிப்படைப் பயிற்சி 200 மணி நேரம். சனி, ஞாயிறு நாளுக்கு 4 மணி நேரம் என்றால் 25 வார இறுதிகள். மகள் வீட்டில் இருக்கும் அதே சனி, அதே ஞாயிறு, ஆறு மாதத்துக்கு. அப்போதும் இதே அக்கா, "ஞாயித்துக்கிழமைகூட குழந்தையை விட்டுட்டு..." என்று ஆரம்பித்திருப்பார். எப்படிப் போனாலும் விட்டுட்டுத்தான்.

"நிம்மதியா ஒரு மாசம் ரெஸ்ட்" என்று ஒருவர் சிரிப்புப் பொம்மை போட்டிருந்தார். காலை ஐந்தரைக்கு மணி அடிப்பார்கள். தியானம், பிராணாயாமம், இரண்டு மணி நேரம் ஆசனம், அப்புறம் உடற்கூறியல், தத்துவம், மாலையில் மறுபடி ஆசனம், இரவில் அடுத்த நாள் பாடம் நடத்தக் குறிப்பு எழுதுவது. முதல் வாரம் படியில் இறங்கும்போது கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு பக்கவாட்டில் இறங்கினேன். அந்த ரெஸ்ட் உங்களுக்கும் கிடைக்கட்டும்.

செலவைப் பற்றிக் கேட்டவர்களுக்கு: என் சேமிப்பு. அடுத்தது.

"யோகா என்றால் பற்றற்று இருப்பது, குடும்பஸ்தர்களுக்கு எதற்கு?" என்று எழுதியவருக்கு மட்டும் கொஞ்சம் நீளமாகப் பதில் சொல்ல ஆசை. இன்று உலகம் முழுக்கப் பாய் விரித்துச் செய்யும் ஆசனங்களில் பெரும்பகுதி யார் வழியாகப் பரவியது? யோகா ஆசிரியர் கிருஷ்ணமாச்சாரியார். அவர் மனைவியும் ஆறு பிள்ளைகளும் உள்ள குடும்பஸ்தர்தான். 1930களின் இறுதியில், ஐரோப்பாவில் பிறந்த இந்திரா தேவி மைசூரில் அவரிடம் படிக்க வந்தபோது, பெண், அதிலும் வெளிநாட்டுக்காரி என்று முதலில் மறுத்துவிட்டார். மகாராஜா சொன்ன பிறகுதான் சேர்த்துக்கொண்டார். அந்த அம்மாள் பிறகு போய்ப் பாதி உலகத்துக்குச் சொல்லிக் கொடுத்தார். அவருக்குச் சிபாரிசு செய்ய மகாராஜா இருந்தார். எனக்கு மாமியார்.

ஆமாம், மாமியார். நீங்கள் எதிர்பார்க்கவில்லை, நானும் எதிர்பார்க்கவில்லை. "போயிட்டு வா, இருபத்தெட்டு நாள் பறந்துடும்" என்று விண்ணப்பத்தை நிரப்பச் சொன்னதே அவர்தான்.

குழந்தை ஏங்காதா என்ற கேள்வி மட்டும் நியாயமானது. ஏங்கினாள். இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன். ஃபிரிட்ஜ் கதவில் 28 கட்டம் போட்ட தாள் ஒன்றை ஒட்டிவிட்டுப் போயிருந்தேன், தினம் ஒன்றாகப் பெருக்கல் குறி போட. எங்களுக்கு மாலையில் அரை மணி நேரம்தான் ஃபோன் கையில் கிடைக்கும். ஒன்பதாவது நாள் வீடியோவில் தாளைக் காட்டினாள். பதினான்கு குறி இருந்தது. "நெறைய போட்டா நீ சீக்கிரம் வந்துடுவேல்ல?" என்று கேட்டாள். முன்பல் ஒன்று விழுந்திருந்தது. அதை எனக்கு யாரும் முன்னாலேயே சொல்லியிருக்கவில்லை. "வந்துடுவேல்ல" என்பது அந்த ஓட்டை வழியாகக் காற்றாக வந்தது.

மறுநாள் காலை நாடிசுத்தி மூச்சுப் பயிற்சி. மூக்கின் ஒரு பக்கம் இழுத்து மறுபக்கம் விட வேண்டும். எனக்கு இரண்டு பக்கமும் அடைத்திருந்தது, ஏன் என்று சொல்லத் தேவையில்லை. சும்மா உட்கார்ந்திருந்தேன்.

அந்த 28 நாளில் அவள் அப்பா தலை பின்னக் கற்றுக்கொண்டார். முதல் வாரப் படங்களில் வகிடு மின்னல் வெட்டியது போல இருக்கும், ஒரு பின்னல் காதுக்கு மேலே, இன்னொன்று கழுத்தருகே. நான்காவது வாரம் இரண்டும் ஒரே உயரத்துக்கு வந்துவிட்டன. அந்தப் படத்தைப் போட்டபோது "எவ்வளவு நல்ல அப்பா!" என்று எத்தனை பேர் எழுதினீர்கள், நினைவிருக்கிறதா? அந்த அக்காவும் எழுதியிருந்தார், கண்ணில் இதயம் உள்ள பொம்மையோடு. ஆறு வருடமாகத் தினமும் பின்னிவிட்டவளுக்கு ஒரு பொம்மையும் வந்ததில்லை. நான் கேட்கவும் இல்லை. சரி, இப்போது கேட்பது போலத்தான் இருக்கிறது, இருக்கட்டும்.

இதே அக்கா இடுப்பு வலி என்று வந்தபோது, தரையில் பாய் போட்டு, பூனை போல முதுகை வளைத்து நிமிர்த்த ஒரு மாதம் சொல்லிக் கொடுத்தேன், அப்போது என்னிடம் எந்தச் சான்றிதழும் இல்லை. அந்த மாலைகளிலும் குழந்தை பக்கத்து அறையில் அப்பாவோடுதான் இருந்தாள். அப்போது அது விட்டுட்டு ஆகவில்லை.

இவ்வளவு எழுதியும் நான் எழுத உட்கார்ந்தது வரவில்லை.

ஸ்கிரீன்ஷாட்டைப் பெரிதாக்கிப் பார்த்தேன். அந்தக் கமெண்டுக்குப் பத்தொன்பது லைக். அழிப்பதற்கு முன்பே, யார் யார் என்று போய்ப் பார்த்தேன், பார்த்திருக்கக் கூடாது. ஆறாவது பெயர் என் அம்மா.

அம்மா எல்லாவற்றுக்கும் லைக் போடுவாள், இரங்கல் பதிவுக்குக்கூடக் கட்டைவிரலைத் தூக்குவாள் என்று நீங்கள் சொல்வீர்கள். நானும் எனக்கு அதையேதான் சொல்லிக்கொண்டேன். ஆனால் அந்த 28 நாளில் அவள் பேசிய நான்கு முறையும் என்னிடம் முதலில் கேட்டது, "பாப்பா சாப்பிட்டாளா?" பாப்பாவோடு இல்லாத என்னிடம். "அவ அப்பாகிட்ட கேளும்மா" என்றால் ஒரு சின்ன மௌனம் வரும், அப்புறம் வேறு பேச்சு. நான் சாப்பிட்டேனா என்று ஒருமுறை கேட்டிருக்கலாம்.

இன்று காலை அம்மா ஃபோன் செய்தாள். முழங்கால் வலிக்கிறதாம், "நீ படிச்சதுல இதுக்கு ஏதாவது இருக்கா?" என்றாள். நாற்காலியில் நிமிர்ந்து உட்காரச் சொன்னேன். ஒரு காலை நேராக நீட்டி, பத்து எண்ணும் வரை பிடித்து, மெல்ல இறக்க வேண்டும், பிறகு அடுத்த கால். ஸ்பீக்கரில் போட்டுவிட்டுச் சத்தமாக எண்ணினாள். நடுவில் எண்ணிக்கை தவறியது, மறுபடி ஒன்றிலிருந்து ஆரம்பித்தாள். நானும் கூடவே எண்ணினேன். லைக்கைப் பற்றிக் கேட்கவில்லை.