சிம்மா, வைஃபையா?

டேப்லெட் வாங்கப் போனால் வைஃபை மட்டும் போதுமா, சிம்மும் வேண்டுமா என்ற கேள்வியிலேயே மண்டை காய்ந்துவிடுகிறது. 2010-ல் முதல் ஐபேட் வந்ததிலிருந்து இதே இரண்டு வகை, இதே குழப்பம்.

"போன்ல ஹாட்ஸ்பாட் இருக்கே, எதுக்கு வீண் செலவு?" என்றார்கள். நம்பி வைஃபை மாடலை வாங்கினேன். இப்போது வெளியே கிளம்பி, போனின் இணையத்தை ஹாட்ஸ்பாட்டில் டேப்லெட்டுக்குப் பகிர்ந்தாலே போன் சூடாகிறது, சார்ஜ் மளமளவென்று இறங்குகிறது. அதைக்கூடப் பொறுத்துக்கொள்வேன். நாம் இருக்கும் இடத்தைக் கண்டறியும் ஜிபிஎஸ் விஷயம்தான் வயிற்றெரிச்சல். வைஃபை மட்டும் உள்ள பல டேப்லெட்களில் அந்தச் சிப்பே கிடையாது என்று வாங்கும்போது ஒருவர்கூட வாயைத் திறக்கவில்லை. பெரிய திரையில் வழி பார்க்கலாம் என்ற ஆசையில்தானே வாங்கினேன்! பெட்டியின் மேலேயே பெரிய எழுத்தில் போட்டால் என்ன? பிறகு சிம் வசதியைச் சேர்க்கவும் வழியில்லை. வேறு டேப்லெட்தான் வாங்க வேண்டும்.