பெயரில்லாத பையனுக்கு ஒரு வரவுப் பாட்டு

போன ஞாயிறு பின்னேரம் திருகோணமலைக் கடற்கரையில் சித்தியின் மகன் ஒரு திட்டத்தோடு வந்து நின்றான். இசை படிக்கிற பெடியன். ரொபேர்ட் நொக்ஸின் உண்மைக் கதையைத் தமிழில் ஓப்பராவாகச் செய்யப் போகிறானாம். "எல்லாமே பாட்டு, அண்ணா. பேச்சே இல்லை" என்றான். "அட, கூத்துத்தானே" என்றேன். முகம் வாடிப்போனது.

நொக்ஸ் எங்கள் பக்கத்துக் கதைதான். புயலில் அடிபட்ட 'ஆன்' என்ற ஆங்கிலக் கப்பல் பாய்மரம் போட 1660இல் கொட்டியாரக் குடாவுக்கு வந்தது. கரையிறங்கியவர்களைக் கண்டி அரசன் இரண்டாம் இராஜசிங்கனின் ஆட்கள் பிடித்தார்கள். கப்டனும் மகன் ரொபேர்ட்டும் சேர்த்து 16 பேர். தகப்பன் அடுத்த வருடமே காய்ச்சலில் செத்துப்போனார். மகன் 1679இல்தான் தப்பி, மன்னார்ப் பக்கம் அரிப்பிலிருந்த ஒல்லாந்தர் கோட்டைக்குப் போய்ச் சேர்ந்தான். 1681இல் அவன் எழுதிய புத்தகம் லண்டனில் வெளியானது.

தம்பிக்குப் பிடித்த காட்சி எனக்கும் பிடித்தது. சிறைப்பிடித்தவர்கள், கப்பலில் மிஞ்சியவர்களுக்குச் செய்தி சொல்ல மகனை அனுப்புகிறார்கள். கப்பலில் ஏறிவிட்டான். அப்படியே பாய் விரித்துப் போயிருக்கலாம். ஆனால் தகப்பன் "திரும்பி வா" என்று சொல்லி அனுப்பியிருந்தார். திரும்பி வந்தான். வயது 19. சினிமாவில் இது அரை நிமிடம். பாட்டிலோ அந்தத் தவிப்பைக் கால் மணித்தியாலம் பிடித்து வைக்கலாம், யாரும் எழும்பிப் போகமாட்டார்கள். எங்கள் கூத்தில் கர்ணன் மனைவியிடம் விடைபெற்று முடிய விடிந்துவிடுமே!

என் சண்டை வேறு இடத்தில். புத்தகத்தில் ஒரு பையன் வருகிறான். கப்டன் தனக்கு வேலை செய்யத் தமிழ்நாட்டுப் பரங்கிப்பேட்டையிலிருந்து கூட்டிவந்த கறுப்புப் பையன். தன்னைப் போலக் கறுப்பு நிறத்து மனிதர்களிடமே எசமான் கைதியாகிவிட்டதைப் பையன் கண்டதும், மனமிருந்தால் மட்டும் சொல்வதைக் கேட்டானாம். நொக்ஸ் இதைக் குறையாகத்தான் எழுதுகிறார். பையனின் பெயரை எழுதவில்லை. கப்டனோடு இருந்தவர்களில் தமிழ் பேசியிருக்கக்கூடிய ஆள் அவன்தான் என்று நினைக்கிறேன். தம்பியின் பாத்திரப் பட்டியலில் அவன் இல்லை.

உண்மைக் கதையை ஓப்பரா ஆக்கும்போது எதை மாற்றினாய், எதைச் சேர்த்தாய் என்பதில் எனக்குப் பெரிய கவலையில்லை. யாரும் பாடிக்கொண்டே கைதாவதில்லை என்று பார்க்கிற எல்லாருக்கும் தெரியும். யாருக்குப் பாட்டுக் கொடுத்தாய் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. பாட்டுக் கிடைத்தவனுக்கு மனம் கிடைக்கிறது, மற்றவன் மேடைச் சாமான்.

அதனால் வரும் வில்லங்கமும் சின்னதில்லை. 1985இல் கடத்தப்பட்ட கப்பலில் சக்கர நாற்காலியில் இருந்த லியோன் கிளிங்ஹோஃபர் என்ற பயணியைக் கொன்றார்கள். அமெரிக்க இசையமைப்பாளர் ஜோன் அடம்ஸ் அதை ஓப்பராவாக்கி 1991இல் மேடையேற்றினார். கடத்தியவர்களுக்கும் பாட்டு இருந்தது. கொல்லப்பட்டவரின் இரண்டு மகள்மாரும் எதிர்த்தார்கள். 2014இல் நியூயோர்க்கில் போட்டபோது வாசலில் ஆர்ப்பாட்டம், திரையரங்குகளுக்கான நேரடி ஒளிபரப்பும் கைவிடப்பட்டது. இசை நன்றாக இருந்ததுதான் மகள்மாருக்கு இன்னும் வலித்திருக்கும்.

இதைச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே தம்பி, "அப்ப அடுத்தது இந்தக் கடற்கரைக் கதை" என்றான். 2006 ஜனவரி 2, இங்கே சுட்டுக் கொல்லப்பட்ட ஐந்து மாணவர்கள். குற்றஞ்சாட்டப்பட்ட அரச படையினர் 13 பேரையும் 2019இல் நீதிமன்றம் விடுவித்துவிட்டது. "சுட்டவனுக்கு என்ன ராகம் போடுவாய்?" என்று கேட்டேன். கையிலிருந்த கடலைச் சுருளையே பார்த்துக்கொண்டிருந்தான். செய்யவே கூடாது என்று நான் சொல்லவில்லை. ஆனால் அந்தத் தாய்மார் சந்தைக்கு வந்துபோகிற ஊரில், முதலில் அவர்கள் வீட்டுக் கதவைத் தட்டிக் கேட்க வேண்டும். வேண்டாமென்றால் வேண்டாம்தான்.

பரங்கிப்பேட்டைப் பையனுக்காகக் கதவைத் தட்ட வீடில்லை. அதனால் அவனுக்குத் தாராளமாகக் கற்பனை செய், ஆனால் பெயர் வைக்காதே என்றேன். நேற்றிரவு குரல் செய்தி போட்டிருந்தான். "அண்ணா, கூத்தில் பாத்திரம் உள்ளே வருகிற வரவுப் பாட்டென்றால் பேர் சொல்லித்தானே வரவேண்டும். பேரில்லாதவன் எப்படிக் கூத்துக் களரிக்குள் வருவது?"

எனக்கும் தெரியவில்லை. கூத்துப் பழக்குகிற அண்ணாவிமார் யாராவது இதைப் படித்தால் சொல்லுங்கள்.